மாறாத வரை பச்சை

"நான் உயிரோட இருக்கேனான்னு பாக்க ஊரைக் கூட்டி என் கதவை உடைச்சியே, நீ எனக்குத் தங்கச்சியா, போலீஸா? இனி ஒரு ஆளை என் வாசலுக்கு அனுப்பினே, என் சாவுக்குக்கூட நீ வரக் கூடாது. சொல்லிட்டேன்." சொன்னது பெர்னதெத் அக்கா. சொல்லி நாலு மாதம் ஆகிறது, ஆனால் ரெஜினாவுக்கு அது இன்னும் முடியாத சண்டை. துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பூசையில் ஃபாதர் பிரசங்கத்தை ரப்பர் மாதிரி இழுக்கும்போது, எப்போதும் அவள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். இப்போதும், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, மடிப்பாக்கம் வீட்டுச் சமையலறை மேஜையில் அரைக் கிலோ நெத்திலியைக் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளும்போதும் சொன்னாள், வாய்க்குள். ஆமா, போலீஸ்தான். அறுபத்து நாலு வயசுல மூணாம் மாடியில தனியா உக்காந்துக்கிட்டு, போன் அடிச்சா எடுக்காம, வா என்கூடன்னா வராம இருக்கறவளுக்குத் தங்கச்சி பத்தாது, போலீஸ்தான் வேணும். கிள்ளினாள். ஒரு தலை தட்டில் விழாமல் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பொறுமை இல்லை. எதிரே துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன் திரை இருண்டது. கையெல்லாம் மீன் நாற்றம், முழங்கையால் தட்டி எழுப்பினாள். பச்சை வட்டம். கீழே ஒரே ஒரு வரி, பெரியம்மா நலம். மகள் ஷெரின் செய்த பக்கம். அது முதலில் காட்டிய சிவப்பை நம்பித்தான் ஜனவரியில் அந்தக் கூத்து நடந்தது. கல்லறைத் திருநாளுக்குத் திருச்சி போனபோது, அக்காவின் மேலப்புதூர் வீட்டில் ஷெரின் மூன்று சின்னப் பெட்டிகளை மாட்டிவிட்டு வந்தாள். வாசல் கதவில் ஒன்று, கெட்டில் செருகும் இடத்தில் ஒன்று, குளியலறை விளக்கு சுவிட்சில் ஒன்று. அக்கா கதவைத் திறந்தால், வெந்நீர் வைத்தால், விளக்கைப் போட்டால் இங்கே தெரியும், நலம் என்று எழுதிக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஜனவரியில் ஒரு நாள் காய்ச்சலில் அக்கா நெடுநேரம் படுத்துக் கிடந்துவிட்டாள், வட்டம் சிவப்பாயிற்று, அது நியாயம். பிறகு எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கப் போனாள், விளக்கைப் போட்டாள், விளக்கு சொன்னது, வட்டம் கேட்கவில்லை, சிவப்பாகவே நின்றது. ரெஜினா ஏழு தடவை போன் போட்டாள், பிறகு கீழ்வீட்டு வில்சனுக்குப் போட்டாள், வில்சன் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். சத்தம் கேட்டு அக்கா மார்புக்கு மேலே கட்டிய ஈரப் பாவாடையோடு வெளியே வந்து பார்த்தால், ஹாலில் மூன்று ஆம்பிளைகள், கையில் கடப்பாரை. முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சர். அந்த மூன்றில் ஒருவன் அவளிடம் படித்தவன் வேறு.

தப்பு ஷெரினுடையது, அதை அவள் ஒப்புக்கொள்ளவும் செய்தாள், ஆனால் ஒப்புக்கொள்கிற விதம் இருக்கிறதே, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போடுகிறவள் மாதிரியா, ஏதோ புதுச் சேலையை விரித்துக் காட்டுகிறவள் மாதிரி. "நலம்ங்கறதை நான் தனியா எழுதி வெச்சதுதான் தப்பு மா. கதவு மாறினா அதைத் திருத்து, கெட்டில் மாறினா திருத்துன்னு எழுதினேன், விளக்குக்கு எழுத மறந்துட்டேன். எழுதவே கூடாது அதை. மூணுதான் நிஜம். கதவு, கெட்டில், விளக்கு. அது மட்டும்தான் ஸ்டேட். நலம்ங்கறது அந்த மூணுலேருந்து வர்றது, டெரிவ்டு. வர்றதைப் போய் எழுதி வெச்சா ஒரு நாள் இது ஒண்ணு சொல்லும், அது ஒண்ணு சொல்லும்." எனக்கு எதுக்குடி இந்தப் பாடம், என் அக்கா என்கூடப் பேசலை, அதைச் சரி பண்ணு என்றாள் ரெஜினா. ஷெரின் பண்ணினாள், ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து. பதினாலு மணி நேரம் மூன்றும் சும்மா இருந்தால் மஞ்சள், ஒரு நாள் ஆனால் சிவப்பு, மற்றபடி பச்சை. பிறகு அக்காவிடம் அவளே தனியாகப் பேசி எப்படியோ சமாதானம் செய்து, இரண்டு நிபந்தனையோடு திரும்பி வந்தாள். ஒன்று, போன் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை. இன்னொன்று, "என் கக்கூஸ் விளக்கு எப்ப எரியுது, எப்ப அணையுதுன்னு உங்கம்மா உக்காந்து பாக்கக் கூடாது. நல்லா இருக்கேனா, இல்லையா. அது மட்டும் போதும் அவளுக்கு." குடும்ப பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாளாம் ஷெரின், உள்ளே இருக்கிற மூன்றையும் அம்மாவுக்குக் காட்ட மாட்டேன், நானும் பார்க்க மாட்டேன் என்று. ஆகவே விடை மட்டும் ரெஜினாவுக்கு. அக்கா எப்போதும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வராமல் சாப்பாட்டு மேஜையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அப்போதே டீச்சராகிவிட்ட அக்கா பின்னால் வந்து எட்டிப் பார்த்து, நாப்பத்திரண்டு, வழியை நீ கண்டுபிடி என்று சொல்லிவிட்டுப் போவாள். ரெஜினா எங்கே கண்டுபிடித்தாள். நாற்பத்திரண்டு என்று எழுதி இரண்டு கோடு போட்டு நீட்டுவாள். சிஸ்டர் கொன்சாகா நோட்டை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது மாதிரி தூக்கி வகுப்புக்குக் காட்டுவார். ஆன்சர் சரி, ஸ்டெப்ஸ் எங்கே, லூர்து ரெஜினா? ஸ்டெப்ஸ் இல்லாத ஆன்சர் யாரோ சொன்ன ஆன்சர். முட்டிக்குக் கீழே இறங்கிய யூனிஃபார்ம், வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் சாக்பீஸ் தேய்த்த வாசனை, நாப்பது பெண்களின் சிரிப்பு. திரை இருண்டது. முழங்கை. பச்சை. யாரோ சொன்ன ஆன்சர். சீ, என்ன நினைப்பு இது, நலம்னு போட்டிருக்கு, நலம்தான். நெத்திலியில் பாதி முடிந்திருந்தது, வெள்ளிச் சரிகை மாதிரி உடம்பு ஒரு பக்கம், கண்ணோடு தலைகள் ஒரு பக்கம். இத்தனை கண்ணும் எதைப் பார்க்கிறது.

உள் அறையில் கதவுக்குப் பின்னால் ஷெரின் யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து மீட்டிங், காதில் அந்த இயர்போன் குப்பியை மாட்டிக்கொண்டால் வீடு தீப்பிடித்தாலும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா நன்றாகத்தான் பேசினாள். ரொம்ப நன்றாக. அதுவே ஒரு மாதிரி இருந்தது, கோபம் இல்லாத அக்கா, உப்பு இல்லாத கஞ்சி. இடது கையில் இரண்டு விரல் மரத்துப் போயிருக்கிறதாம். "ஜெபமாலையில எந்த மணியில இருக்கேன்னே தெரியலைடி. ரெண்டு அருள்நிறை கூடவே சொல்லிட்டேன், மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா." டாக்டர்கிட்ட போனியா என்றாள் ரெஜினா. "ரெண்டு விரலுக்கு ஒரு டாக்டரா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்ததா, அல்லது நெட்வொர்க்கா. நெட்வொர்க்தான். மடிப்பாக்கத்தில் ஒரு சிக்னல் ஒழுங்காக வந்திருக்கிறதா என்றைக்காவது. பிறகு என்ன சொன்னாள், ஆமாம், தியானம். "போன வாரம் திங்கள்லேருந்து புதன் வரைக்கும் தியானத்துக்குப் போயிட்டேன். வீட்டைப் பூட்டிக்கிட்டு. மூணு நாள் மௌனம், போனைக்கூட வாங்கி வெச்சுட்டாங்க. உன் போன் விளக்கு என்ன சொல்லிச்சு?" பச்சைதான் என்றாள் ரெஜினா. "பாத்தியா, சரியாத்தான் சொல்லிருக்கு. நல்லாத்தானே இருந்தேன்." இரண்டு பேரும் சிரித்தார்கள், ஜனவரிக்கு அப்புறம் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ரெஜினா அன்றைக்குக் கோழி எடுத்துக் குழம்பு வைத்தாள். புருஷன் பிரிட்டோகூடக் கேட்டார், என்ன விசேஷம், உங்க அக்கா மன்னிச்சுட்டாங்களா என்று. மன்னிக்க நான் என்ன செய்தேன் என்று கரண்டியை ஓங்கினாள். கிள்ளினாள். கிள்ளினாள். விரல் நின்றது. பூட்டிக்கொண்டு போனாள். திங்கள் முதல் புதன். பூட்டின வீட்டில் யார் கெட்டில் வைத்தது? யாரும் வைக்கவில்லை. விளக்கு? அதுவும் கிடையாது, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அக்காவுக்கு உடம்பே எரியும். சின்ன வயதில் ரெஜினா குளியலறையிலிருந்து வெளியே வந்து பத்து அடி வைப்பதற்குள், படுத்திருந்த அக்கா எழுந்து போய் அணைத்துவிட்டு, உங்கப்பன் மின்சார வாரியமா நடத்தறான் என்பாள், இரண்டு பேருக்கும் ஒரே அப்பன் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல். ரெஜினாவின் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பந்தல் விளக்கையே அணைத்துவிட்டாள். ஆகவே விளக்கு இல்லை. கதவு இல்லை. கெட்டில் இல்லை. மூன்று நாள் மூன்றும் சும்மா. பதினாலு மணி நேரத்தில் மஞ்சள் என்றாளே ஷெரின்.

குழம்புக்குப் புளி ஊற வைக்கவில்லை என்ற நினைப்பு வந்தது, நல்லவேளையாக. எழுந்தாள், கை கழுவினாள், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாள், புளியை ஊற வைத்தாள், தேங்காய் எடுத்தாள், உடைக்காமல் திரும்ப வைத்தாள், வந்து உட்கார்ந்து கழுவின கையோடு மீனைத் தொட்டாள். பச்சை. ஒருவேளை அக்கா போகும்போது, வரும்போது என்று கதவு. இல்லை, நடுவில் மூன்று நாள். ஒருவேளை ரெஜினா அந்த மூன்று நாளும் சரியாகப் பார்க்கவில்லையோ. பார்த்தாள். நூறு தடவை பார்த்தாள். பார்ப்பாள் என்று ஷெரினுக்கும் தெரியும், அதைச் சொல்லித்தானே கிண்டல் செய்தாள், என்ன சொன்னாள், அன்றைக்கு, அந்த ஞாயிறு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. "நீ ஒரு நாளைக்கு நூறு தடவை பாப்ப மா. நூறு தடவையும் கணக்குப் போட வேண்டாம்னு பண்ணிருக்கேன். மூணுல ஏதாவது ஒண்ணு மாறினா மட்டும் புதுசாப் போடும். எதுவும் மாறலைன்னா போன தடவை விடையையே எடுத்துக் குடுத்துடும். அதே கணக்கை எதுக்குத் திரும்பத் திரும்பப் போடணும்?" சாமர்த்தியம். அம்மாவுக்கு இல்லாத சாமர்த்தியம். எதுவும் மாறலைன்னா போன விடை. எதுவும் மாறாமல் இருப்பது எப்போது? கதவு திறக்காமல், வெந்நீர் வைக்காமல், விளக்கைத் தொடாமல் ஒருத்தி இருப்பது எப்போது? சிஸ்டர் கொன்சாகாவின் இரண்டு விரல். ஸ்டெப்ஸ் எங்கே. இதோ, சிஸ்டர், போடுகிறேன், எல்லாரும் சிரியுங்கள். அக்கா நடமாடினால் ஏதாவது மாறும், மாறினால் கணக்குப் போடும், பச்சை. அக்கா நடமாடாவிட்டால் எதுவும் மாறாது, மாறாவிட்டால் கணக்கே போடாது, பழைய பச்சை. கடிகாரம் ஓடுகிறதே, அது மாறவில்லையா, பதினாலு மணி என்பதை யார் எண்ணுவது? கதவு, கெட்டில், விளக்கு, மூணுதான் நிஜம் என்றாள். மூன்றில் கடிகாரம் இல்லை. இதில் மஞ்சள் எப்படி வரும். சிவப்பு எந்த வழியாக வரும். செத்தாலும், சேசுவே, செத்தாலும் பச்சை. செத்தால்தான் மாறவே மாறாத பச்சை.

அறைக் கதவு திறந்தது. ஷெரின் ஒரு காதில் குப்பியோடு, காலி பாட்டிலோடு வந்தாள். "மீன் நாத்தம் மீட்டிங் வரைக்கும் வருது மா."

"ஷெரின், இங்க வா. மூணும் மாறாமலே இருந்தா என்ன காட்டும்?"

"எது மூணும்?" தண்ணீர் பிடித்தாள். "ஓ, பெரியம்மா பேஜா. மாறலைன்னா அதே விடைதான். அதான் சொன்னேனே, அதான் அதோட அழகே."

"மூணு நாள் மாறலைன்னா?"

"அப்ப மஞ்சள் ஆகி, சிவப்பு..." பாட்டில் நிரம்பி வழிந்து அவள் கையில் ஓடியது. அவள் குழாயை மூடவில்லை. ரெஜினா அந்த முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவளின் முகம் அதில் வந்து உட்கார்ந்தது. "நேரம்," என்றாள் ஷெரின். "உள்ள நேரத்தைப் பாக்கறேன். ஆனா நேரம் மாறுதுன்னு அதுக்கு நான் சொல்லவே இல்லை." காதுக் குப்பியைப் பிடுங்கினாள். "ரெண்டு நிமிஷம் மா. ஒரு வரிதான்." ஓடினாள். உள்ளே மீட்டிங்கில் யாரோ ஷெரின், ஷெரின் என்று இங்கிலீஷில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் குரலை அணைத்தாள்.

குழாயை ரெஜினா மூடினாள். மூடின பிறகுதான் லேப்டாப் விசைகளின் சத்தம் கேட்டது, அரிசியைத் தகரத்தில் கொட்டுவது மாதிரி, நின்றது, மறுபடி கொட்டியது. பயப்பட ஒன்றுமில்லை. இது இயந்திரத்தின் தப்பு, அக்காவுடையது இல்லை. தியானத்திலிருந்து வந்தபோது கதவைத் திறந்திருப்பாள், வியாழன் வெள்ளி சனி கெட்டில், ஞாயிறு பேசினாளே, திங்கள், செவ்வாய் சாயங்காலம் அந்தோனியார் நவநாளுக்குப் போகாமல் இருக்க மாட்டாள். ஷெரின் ஒரு வரியை மாற்றுவாள், பச்சை பச்சையாகவே இருக்கும், அடியே ரெஜி, உனக்கு வேற வேலை இல்லையா என்று அக்கா சிரிப்பாள், ஞாயிற்றுக்கிழமை. மரத்த விரல் இரண்டு. இழுத்த சிரிப்பு. நெட்வொர்க். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெஜினா என்ன செய்துகொண்டிருந்தாள்? சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், நடுவில் விளம்பரத்தில் போனைத் தட்டினாள், பச்சை, நல்லா இரு என்று சொல்லிவிட்டு மறுபடி சீரியல். திரை இருண்டது. முழங்கையை ஓங்கினாள், தட்டப் பயமாக இருந்தது. தட்டினாள். வட்டம் ஒரு தடவை மறைந்தது. வெறும் வெள்ளை. திரும்ப வந்தது. சிவப்பு. மஞ்சள் வழியாகக்கூட வரவில்லை, நேராகச் சிவப்பு. திருச்சியில் இந்த நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு இலைகூட அசையவில்லை, இவள் ஒரு வரியை எழுதினாள், அவ்வளவுதான். நடந்தது எப்போதோ நடந்து முடிந்து, பச்சைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

"எப்பலேருந்து?" என்று கத்தினாள்.

உள்ளே விசைச் சத்தம் நின்றது. "மா, பெரியம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"சத்தியத்தைக் குப்பையில போடுடி. சொல்லு."

ஷெரின் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தாள். "கெட்டில் செவ்வாய் மத்தியானம் மூணரை. கதவு செவ்வாய் சாயங்காலம் ஆறு நாப்பது. அப்புறம் குளியலறை விளக்கு ஏழு அஞ்சு."

நவநாள் முடிந்து வந்திருக்கிறாள். கை கால் கழுவப் போயிருக்கிறாள். "ஏழு அஞ்சுக்கு அணைச்சாளா?"

"போட்டது மா." திரையைத் தடவிப் பார்த்தாள், தடவினால் வேறு ஏதாவது வந்துவிடும் என்பது போல. "அணைக்கவே இல்லை."

செவ்வாய் ராத்திரி, புதன், இன்றைக்கு இந்த வெயிலில், பட்டப்பகலில், அக்கா வீட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. "வில்சனுக்குப் போடு," என்றாள் ரெஜினா. அது தன் குரல் என்றே தெரியவில்லை, டீச்சர் குரல். "கதவை உடைக்கச் சொல்லு."

"மா, மறுபடியும் உடைச்சோம்னா பெரியம்மா..."

"உடைக்கச் சொல்லு."

ஷெரின் போனோடு பால்கனிக்கு ஓடினாள், அங்கிள், அங்கிள் என்று கேட்டது. ரெஜினா மீன் கையாலேயே பருப்பு டப்பாவிலிருந்து தன் போனை எடுத்தாள், சிவப்பைத் தள்ளிவிட்டு அக்கா பெயரை அழுத்தினாள், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. மணி போனது. அந்த வீட்டில் அது எங்கே அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், குரோஷே போட்ட துணி மேல், குளியலறைக்குப் பதினோரு அடி தூரத்தில். முழுதாக அடித்து அறுந்தது. மறுபடி அழுத்தினாள். திரையில் ஒரு நெத்திலிச் செதில் ஒட்டிக்கொண்டு மின்னியது. அக்கா, ஊரைக் கூட்டிட்டேன். ஆளை உன் வாசலுக்கு அனுப்பிட்டேன், இந்நேரம் மாடி ஏறிக்கிட்டிருப்பாங்க, கடப்பாரையோட. வாயைத் திறந்தாள், இந்தத் தடவை வாய்க்குள் இல்லை, சத்தமாக, அடித்துக்கொண்டே இருக்கிற மணிக்குள். "எடு அக்கா. பேச வேண்டாம். எடுத்து ஒரு தடவை திட்டிட்டு வெச்சுடு."